இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கோ

...எண்பத்தொன்று இருக்காது, சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்காமல் யாருடனாவது நின்று பேசிவிட்டு வந்திருப்பார்கள், தாமதமானால் ஏறத்தானே செய்யும், இல்லை, தமனி என்று நினைத்துச் சிரையில் குத்தியிருப்பார்கள், அப்படியென்றாலும் கரியமில வாயு கூடுதலாகத்தான் காட்டும், மனுஷனுக்கு நாற்பதை ஒட்டி இருக்க வேண்டியது எப்படி எண்பத்தொன்றாகும்... ஐசியு வாசலில் உட்கார்ந்து, கணவர் கஸ்தூரிரங்கனின் ரத்தத்தைச் சோதித்த இயந்திரத்தின் மேல் நிருபமா ஒவ்வொரு குற்றமாகச் சுமத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் ஷ்ரேயாஸ் சின்னப் பையன், நயமாகத்தான் சொன்னான், "மாஸ்க் பத்தல மேடம், தொண்டைல ட்யூப் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும், நீங்க சரின்னா உடனே." போட்டால் மறுபடி எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, "அத இப்ப சொல்ல முடியாது மேடம்" என்றான். சரி என்று ஒரே ஒரு வார்த்தை, அது வாய்க்கு வரவில்லை, "இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கோ" என்றுதான் வந்தது.

அப்படித்தானே பழகியிருக்கிறாள், இருபது வருஷமாகக் கடல் ஆராய்ச்சிக் கப்பலில் வேறென்ன செய்தாள், கப்பலின் அடிவயிற்றிலிருந்து பம்பு கடல்நீரை இழுக்கும், மூடிய ஜாடிக்குள் அது ஷவர் மாதிரிப் பொழியும், நீருக்குள் இருக்கும் கரியமில வாயு ஜாடிக் காற்றோடு சமமாகும், அந்தக் காற்றைக் கருவி அளக்கும், அவ்வளவுதான் வேலை, ஆனால் எண் திடீரென்று ஏறினால் யாராவது கடலைச் சந்தேகப்படுவார்களா? வரும் வழியில் தண்ணீர் சூடாகியிருக்கும், புகைபோக்கிப் புகை காற்றுக் குழாயில் புகுந்திருக்கும், ஒருமுறை வங்கக் கடலில் எண் எகிறியபோது கருவியைப் பிரித்துப் போட்டுத் தேடினால் குழாயில் ஊசிமுனை ஓட்டை, மாணவி ஸ்னேஹா பக்கத்தில் உட்கார்ந்து விட்ட மூச்சையெல்லாம் கடல் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது அது, என்ன சிரிப்பு அன்றைக்கு... அளவு தெரிந்த சிலிண்டர் வாயுவை உள்ளே விடு, கருவி அதைச் சரியாகச் சொன்னால் பிறகு கடலைப் பற்றிப் பேசு, மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. கருவி சரி என்று தெரிந்தால் கை தட்டுவார்கள், ஏறியது நிஜந்தான் என்று ஆனதற்கு அத்தனை சந்தோஷம், கடல் எத்தனை விழுங்குகிறது என்று கட்டுரை கட்டுரையாக எழுதினாளே, ஓசூர் ரோட்டுப் புகையை ஸ்கூட்டரில் விழுங்கிக்கொண்டு பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போய் வந்த மனுஷன் எத்தனை விழுங்கினார் என்று ஒரு நாள் நினைத்தாளா? நினைத்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள், வேலையை விடச் சொல்லியிருப்பாளா...

கதவு திறந்தது, நர்ஸ் மமதா, "ஸ்வல்ப இரி மேடம், டாக்டர் பர்த்தாரே" என்றாள், கொஞ்சம் இருங்கள், டாக்டர் வருகிறார் என்று கன்னடத்தில், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, தெரியவில்லை என்று வைத்துக்கொண்டாள். ஷ்ரேயாஸ் வந்தான். "எண்பத்தாறு மேடம். நானே எடுத்தேன், ஆர்ட்டரிதான். நீங்க கேப்பீங்கன்னு மெஷினுக்கு அளவு தெரிஞ்ச ஸ்டாண்டர்டும் ஓட்டிப் பாத்துட்டேன், கரெக்டா இருக்கு." மெஷின் சரி. கை தட்டச் சொல்லு யாரையாவது. இந்த ஐந்தும் அவள் கேட்டு வாங்கிய நேரத்தில் ஏறியவை, அந்த நேரமெல்லாம் அவர் உள்ளே தனியாக மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். "சரி" என்றாள், இவ்வளவு சின்ன வார்த்தையா அது. அவன் உள்ளே சைகை காட்டிவிட்டு அவசரமாகக் கேட்டான், "பேசறப்போ நடுவுல நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கறது எப்போலேர்ந்து மேடம்?"

போன வாரம், என்று சொல்ல வாயெடுத்தாள், ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தது போன வாரந்தானே, ஆனால்... கப்பலிலிருந்து சாட்டிலைட் போனில் பேசினாளே, அதில், "சாப்டியா... நிரூ... அலை... ஜாஸ்தியா" என்று துண்டு துண்டாக வருமே, "லைன் சரியில்லை, விட்டு விட்டு வர்றது, வச்சுடறேன்" என்று அவள் கத்த, "ஆமாண்டி... லைன்தான்" என்பாரே, அந்தப் பயணம் முழுக்க, ஒவ்வொரு தடவையும். ஜாடிக்கும் பம்புக்கும் வைத்த சோதனையை அந்த போனுக்கு வைக்கவில்லையே, லைன் கெட்டிருந்தால் இரண்டு பக்கமும்தானே கெட்டிருக்கும்? அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் 'என்ன?' என்று திருப்பிக் கேட்டதில்லை.