பன்னிரண்டு பேருக்கான உரிமம்

அஞ்சலின் நடத்திய குழந்தைகள் காப்பகத்துக்குப் பன்னிரண்டு பேருக்குத்தான் உரிமம். அந்தக் கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளே இருந்தது பதினேழு பேர்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டுப் பக்கம், வீடுகள் முடிகிற கடைசித் தெருவில் இருந்தது காப்பகம். நூல் மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுவார்கள். குழந்தைப் பராமரிப்பில் டிப்ளமோ முடித்த சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தாள் அஞ்சலின். உதவிக்கு இருந்த பாலம்மாளுக்கு ஐம்பது வயது. எவ்வளவு அடம்பிடிக்கிற பிள்ளையையும் தோளில் போட்டுத் தூங்கவைத்துவிடுவாள். ஆனால் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது. அதனால் பதிவேட்டில் அவளைத் துப்புரவுப் பணியாளர் என்று எழுதியிருந்தது.

கூடுதலாக இருந்த ஐவரில் கடைசியாக வந்தவள் பிரித்திகா. இரண்டரை வயது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, இடமில்லை என்று அஞ்சலின் சொன்னதும் அவள் அம்மா பானு கெஞ்சவில்லை.

"சரிக்கா. எப்பவும்போல வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறேன். கட்டில்கால்ல சேலையால கட்டிப்போட்டா ஒண்ணும் பண்ண மாட்டா."

பிள்ளையின் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு அஞ்சலினால் கதவைச் சாத்த முடியவில்லை.

பத்தே முக்காலுக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. அஞ்சலின் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். உரிமம் கொடுத்த ஆய்வாளர் கோமதி இறங்கிக்கொண்டிருந்தார். முன்கூட்டித் தகவல் எதுவும் வரவில்லை.

அஞ்சலின் சமையலறைக்கு ஓடினாள்.

"பாலம்மா, கூடுதலா இருக்க அஞ்சு பேரையும் கூட்டிட்டுப் பின்வாசல் வழியாப் போயிரு. சங்கரபாண்டியன் அண்ணாச்சி பம்புசெட் ரூமுக்குள்ள இரு. நான் போன் பண்ணுத வரைக்கும் வராத."

"அஞ்சு பேரையும் ஒத்தையில எப்படி டீச்சர்?"

"போ பாலம்மா! ஆளு வந்துட்டாவ."

பாலம்மாள் ஒன்றை இடுப்பில் வைத்து, இரண்டைக் கையில் பிடித்தாள். மற்ற இரண்டும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டன. அதில் ஒருத்தி பிரித்திகா. பின்வாசலுக்கு வெளியே சங்கரபாண்டியன் நிலத்தில் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம் நின்றது.

கோமதி மெதுவாகத்தான் பார்த்தார். பிள்ளைகளை எண்ணினார். பாயைத் தூக்கிப் பார்த்தார், குடிதண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தார், முதலுதவிப் பெட்டியில் இருந்த மருந்துகளின் தேதியை ஒவ்வொன்றாகப் படித்தார். "பன்னெண்டு. சரியா இருக்கு" என்று அவர் சொன்னபோது அஞ்சலினுக்கு மூச்சு வந்தது.

அப்போது கையிலிருந்த போன் அடித்தது. பாலம்மாள்.

"டீச்சர்... நாலுதான் இருக்கு. பிரித்திகாவைக் காணல. சோளத்துக்குள்ள வரும்போது சேலைய விட்டுட்டா போல. நான் கவனிக்கல டீச்சர்."

கோமதி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அஞ்சலின் சொன்னாள்: "சரி, நான் அப்புறம் பேசுதேன்."

போனை வைத்துவிட்டாள்.

இதை நினைத்துத்தான் பின்னால் பல மாதம் அவளுக்குத் தூக்கம் வராமல் போனது. போனை வைத்ததோடு அவள் நிற்கவில்லை. தீயணைப்பானை எப்போது நிரப்பினீர்கள் என்று கோமதி கேட்டதற்கு ஆவணி என்று பதில் சொன்னாள். பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். பாலம்மாள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள், பாலம்மாள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கோமதி கேட்ட அடுத்த கேள்வி அவள் காதில் விழவே இல்லை.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"மேடம், ஒரு பிள்ளையக் காணல."

"பன்னெண்டும் இங்கனதான இருக்கு?"

"பதினேழு மேடம். அஞ்சு பேரப் பின்னால அனுப்பிவச்சேன். அதுல ஒண்ணு சோளத்துக்குள்ள போயிருச்சு."

கோமதி திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையிலிருந்த எழுதும் அட்டையைத் தரையில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தன நிமிசம் ஆச்சு?"

"ஆறு, ஏழு இருக்கும்."

"பக்கத்துல தண்ணி எங்க கிடக்கு?"

சங்கரபாண்டியன் நிலத்தில் போன வருடம் வெட்டிய பண்ணைக்குட்டை இருந்தது. ஐப்பசி மழையில் நிரம்பிக் கிடந்தது. சிறுபிள்ளை காணாமல் போனால் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று டிப்ளமோவில் அஞ்சலினும் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நான்கு பிள்ளைகளோடு அழுதுகொண்டே திரும்பிய பாலம்மாளை உள்ளே உட்காரவைத்து, பதினாறு பேரையும் விட்டு அசையக் கூடாது என்றார் கோமதி. டிரைவரை ரோட்டுப் பக்கம் ஓடச் சொன்னார். இரண்டு பெண்களும் சோளத்துக்குள் புகுந்தார்கள்.

முந்தைய நாள் பெய்த மழையில் கரிசல் கொழகொழவென்று கிடந்தது. அடிக்கு அடி செருப்பு அப்பிக்கொண்டது. உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினார்கள். தோகை முகத்தைக் கிழித்தது. பிரித்திகா, பிரித்திகா என்று அஞ்சலின் கூப்பிட்ட குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. பதில் இல்லை. காற்றில் சோளம் அசைகிற சத்தம்தான் நாலாபக்கமும். பானுவுக்கு என்ன சொல்வது? ஏசப்பா, பானுவுக்கு என்ன சொல்வேன்?

சோளம் முடிந்ததும் குட்டை தெரிந்தது. நடுத்தண்ணீரில் ஒரு சின்ன ரோஸ் நிறச் செருப்பு மிதந்தது.

அஞ்சலின் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கோமதி கரைமேட்டில் ஏறி, இடதுபுறம் பார்த்து, அப்படியே நின்றார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"உயிரோடதான் இருக்கா. கூப்பிடாதீங்க. திரும்பினா வழுக்கிருவா."

கரையின் உள்சரிவில் பிரித்திகா நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேற்றில் புதைந்திருந்தாள். தண்ணீருக்கும் அவளுக்கும் இரண்டு சாண்கூட இல்லை. செருப்பை எடுக்க எட்டியிருக்கிறாள். அதற்குமேல் ஒரு அடி எடுத்துவைக்க விடாமல் கரிசல் காலைக் கவ்விக்கொண்டது.

அஞ்சலின் சரிவில் குப்புறப் படுத்தாள். கோமதி அவளது இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டார். அஞ்சலின் புழுவைப்போல ஊர்ந்து இறங்கி, பின்னாலிருந்து பிள்ளையின் கவுனைப் பற்றி, இடுப்பில் கை போட்டு இழுத்தாள். சேறு லேசில் விடவில்லை. இரண்டாவது தடவை இழுத்தபோது சளக்கென்று வந்தது.

"செருப்பு போச்சு" என்றாள் பிரித்திகா.

காப்பகத்துக்கு வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, தண்ணீர் குடித்திருக்கிறாளா, எங்கேனும் அடிபட்டிருக்கிறதா என்று கோமதி தலை முதல் கால்வரை பார்த்தார். அதன் பிறகு சேற்றுச் சேலையோடே உட்கார்ந்து அட்டையை எடுத்தார்.

"மேடம், நல்லபடியாக் கிடைச்சுட்டால்லா..." என்று அஞ்சலின் இழுத்தாள்.

"கிடைச்சுட்டா. அதுக்காக எழுதாம விட முடியாதும்மா. அடுத்த பிள்ளை சேத்துல மாட்டும்னு என்ன நிச்சயம்?"

எல்லாவற்றையும் எழுதினார். பதினேழு பேர், பயிற்சி இல்லாத ஆள், வேலி இல்லாத பின்வாசல். மறு உத்தரவு வரும்வரை காப்பகம் மூடப்பட்டது.

மில்லிலிருந்து பதறி ஓடிவந்த பானுவிடம் அஞ்சலின் எதையும் மறைக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் தீயணைப்பானைப் பற்றிப் பேசியதையும் சொன்னாள். பானு மகளை இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கட்டிப்போட்டிருந்தா வீட்டுலயே இருந்திருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் கதவு பூட்டிக் கிடந்தது. அதற்குள் அஞ்சலின் வீட்டைச் சுற்றிக் கம்பிவேலி அடித்தாள். பாலம்மாள் தினமும் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய்ப் பயிற்சி முடித்தாள். மாசியில் கோமதி வந்து வேலியையும் பாலம்மாளின் சான்றிதழையும் பார்த்தார். பயிற்சி பெற்ற இரண்டு பேர் இருப்பதால் இருபது பிள்ளைகளுக்கு உரிமம் தரலாம் என்றார்.

"இத அன்னைக்கே வந்து கேட்டிருக்கலாம்லா?"

"பயம் மேடம். கேக்கப் போயி உள்ளதும் போயிருமோன்னு."

கோமதி கையெழுத்துப் போட்டார்.

திறந்த முதல் வாரம் பானு வரவில்லை. பிள்ளையைப் புதூரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது வாரம், ஒரு காலையில், பிரித்திகாவோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். ஒவ்வொரு கம்பிக்காலாகப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். பின்வாசல் கதவைத் திறந்து மூடி, தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமா என்று மகளையே நிறுத்தி அளந்தாள். பிறகுதான் அவளை அஞ்சலின் கையில் கொடுத்தாள்.

"சாயந்திரம் ஆறு மணிக்கு வாரேன்க்கா."

அன்று அஞ்சலினுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. பாலம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, பிரித்திகா தூங்கிக்கொண்டிருந்த பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.