இரண்டரையிலிருந்து நாலு வரை

சாப்பாட்டு மேஜையில், இட்லிமிளகாய்ப்பொடி டப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கும் நடுவே அந்தச் சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே இளஞ்சிவப்புப் பஞ்சில் கால்களைப் புதைத்துக்கொண்டு ஒரு ப்ராசசர். பம்பாய்க்கு மாற்றலாகிப் போன ராமமூர்த்தி மாமா தன் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டும்போது, "இது ஒண்ணுதான் தேறித்து, குழந்தைகளுக்கு வெச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனது. வீட்டில் இருந்ததோ இரண்டு கம்ப்யூட்டர்கள். ஹாலில் ஒன்று, அனிருத்தின் அறையில் ஒன்று. இரண்டும் டெல்லி நேரு ப்ளேஸில் ஒரே கடையில் ஒரு வருஷ இடைவெளியில் கட்டி வாங்கியவை. புது ப்ராசசர் இரண்டிலுமே பொருந்தும் என்று ஜ்யோத்ஸ்னா கையேடுகளைப் பார்த்து முதல் நாளே உறுதி செய்திருந்தாள். பிறகு சந்தேகம் வந்து, இன்னொரு தடவையும் பார்த்திருந்தாள்.

"இதுல பேச என்ன இருக்கு? என்னோடதுல போடு, பாத் கதம், அவ்வளவுதான்" என்றான் அனிருத். அவன் காலேஜ் விழாவில் கேம் போட்டி. நாலு பேர் கொண்ட அணி. அவரவர் கம்ப்யூட்டரை அவரவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள்தான். "எதிரி வர்ற நேரம் பார்த்து ஸ்க்ரீன் திக்குதுக்கா. நான் திரும்பறதுக்குள்ள செத்துக் கிடக்கேன். டீம்ல வேற ஆளைப் பாக்கறா."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். மத்திய அரசு மந்திராலயம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் கோப்பு பார்த்தவர் சேஷன். அவர் வீட்டில் எதுவும் வாய்வார்த்தையில் முடிவானதில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கியதற்கு ஒரு கோப்பு, கேபிள் இணைப்பு வேண்டாம் என்றதற்கு ஒரு கோப்பு, இரண்டும் காட்ரெஜ் பீரோவுக்கு மேலே தூசி படிந்து இருந்தன. "ஜ்யோத்ஸ்னா, நீதானே ஹார்ட்வேர் க்ளாஸ் போறே? ரெண்டையும் பரிசோதிச்சு, காரணத்தோட ஒரு நோட் போட்டுக் கொண்டுவா. சிபாரிசு கடைசிப் பாராவுல இருக்கணும்."

"அரே யார்" என்று அனிருத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஜ்யோத்ஸ்னாவுக்குப் பகலில் பி.காம்., மாலை ஆறிலிருந்து எட்டு வரை லாஜ்பத் நகர் மாடியறை ஒன்றில் ஹார்ட்வேர் வகுப்பு. அங்கே இருபத்திரண்டு பையன்களுக்கு நடுவே கடைசி பெஞ்சில் அவள். வகுப்பு முடிந்து வந்ததும் அன்று கற்றதைத் தேதி போட்டு எழுதுவாள். பக்கத்திலேயே 'சரியாகப் புரிந்ததா?' என்றும் எழுதுவாள். வீட்டில் ஒருவர் அவளிடம் சிபாரிசு கேட்பது இதுதான் முதல் தடவை. தப்பாகப் போய்விட்டால் அனிருத்தின் அணி மட்டுமல்ல, அந்தக் கடைசிப் பாராவும் போய்விடும்.

முதலில் ஒரு படிவம் தயாரித்தாள். யார், எந்த மெஷினில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். அனிருத் 'முப்பது' என்று எழுதி, அப்பாவின் பார்வையைக் கண்டு 'பத்து' என்று திருத்தினான். அப்பா, ஹால் மெஷின், சீட்டாட்டம், இரண்டு மணி நேரம் என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"எனக்கெதுக்குடி இது? மௌஸை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னுகூடத் தெரியாது."

"ஒண்ணுமில்லேன்னாலும் எழுதிக் குடுக்கணும் சுந்தரவல்லி. அதுவும் ரிப்போர்ட்தான்" என்றார் அப்பா.

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, 'எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மத்தியானமே ஜ்யோத்ஸ்னா ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக உட்கார்ந்தாள். ஒரே பந்தய விளையாட்டை இரண்டு மெஷினிலும் மும்மூன்று தடவை ஓட்டி சராசரி எடுத்தாள். கணக்கு தெளிவாக அனிருத் பக்கம் சாய்ந்தது. சீட்டாட்டத்துக்கு எந்த ப்ராசசரும் போதும். 'சிபாரிசு' என்று தலைப்புப் போட்டுவிட்டாள். ஆனாலும், ஹால் மெஷினின் டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்காமல் விட்டது உறுத்தியது. பார்க்கப் போனபோதுதான் அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்த, ஊர் கட்டும் விளையாட்டு. அதில் சேமித்து வைத்த ஆட்டங்கள் நாற்பத்து மூன்று. எல்லாமே வார நாட்கள். எல்லாமே பிற்பகல் இரண்டரைக்கும் நாலுக்கும் இடையில்.

மதர்போர்டு பேட்டரி தளர்ந்தால் கடிகாரம் தப்பு காட்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். நிமிஷம் பிசகவில்லை. அந்த நேரத்தில் அப்பா ஆபீஸில், அனிருத்தும் அவளும் காலேஜில். சமையலறையில் அம்மா ரசத்துக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை ஜ்யோத்ஸ்னா திரும்பிப் பார்த்தாள். தீபாவளியிலிருந்து அம்மா மத்தியானங்களில் பின்னிக்கொண்டிருப்பது. இன்னும் ஒரு கைதான் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கடைசி இரண்டு வகுப்புகளை விட்டுவிட்டு மூன்று மணிக்குத் தன் சாவியால் கதவைத் திறந்தாள். அவர்கள் இருந்த கிட்வாய் நகர் குடியிருப்பின் பெண்கள் எல்லோரும் கீழே புல்தரையில், குளிர்கால வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஹாலில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மௌஸை ரொம்பச் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உடம்பு சரியில்லையா?" என்றாள், கையை எடுக்காமல்.

திரையில் ஒரு நகரம். ஜ்யோத்ஸ்னா பக்கத்தில் போய் நின்றாள். ஆற்றின் இந்தக் கரையில் மயிரிழை இடமில்லாமல் வீடுகள், பள்ளிக்கூடங்கள், மூலைக்கு மூலை தண்ணீர்த்தொட்டி. அந்தக் கரையில் ஒன்றுமே இல்லை, வெறும் பச்சை. நடுவே நீளமாக ஒரு பாலம்.

"இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி. நம்மாத்துல மாதிரி அஞ்சு மணிக்கு எழுந்து பக்கெட்டோட நிக்க வேண்டாம்" என்றாள் அம்மா. "டெல்லியில இன்னும் மெட்ரோவுக்குத் தூண் நட்டுண்டே இருக்கா. நான் பாலத்தையே முடிச்சுட்டேன்."

"அந்தப் பக்கம் ஏம்மா ஒண்ணுமே கட்டலை?"

"கட்ட மாட்டேன். ரயில் மட்டும் விடுவேன். ஜனங்க தானாப் போயி வீடு கட்டிக்கறாளான்னு பாக்கணும்." அம்மாவின் முகம், குக்கர் மூடியைத் திறப்பதற்கு முன் இருக்கும் முகம் போல இருந்தது. "ஆனா ஊர் பெருசாப் பெருசா இது மூச்சு வாங்கறது. இந்த ஆட்டத்துல ஒரு மாசம் போறதுக்குள்ள பால்காரன் வந்துடறான்."

"பின்ன ஏன் 'எதுவுமில்லை'ன்னு எழுதினே?"

அம்மா முதல் தடவையாக மௌஸிலிருந்து கையை எடுத்தாள். "கேம் ஆடினாக் கண்ணு போயிடும்னு தினமும் அவனைத் திட்டறேன். எந்த மூஞ்சிய வெச்சுண்டு எழுதறது? அவனுக்கே போடு. அவனுக்குத்தான் பத்து நாள்ல போட்டி. நான் மெதுவாப் பாத்துக்கறேன். என் பேரை மட்டும் அதுல எழுதிடாதே." ஜ்யோத்ஸ்னா தலையாட்டினாள்.

இரண்டு நாள் ஜ்யோத்ஸ்னா நோட்டை எழுதி எழுதி அடித்தாள். பேரை எழுதக் கூடாது; வாக்குக் கொடுத்தாயிற்று. எழுதாமல் விட்டால் அளந்ததை மறைத்தது ஆகும். அனிருத்துக்கு என்று எழுதினால் பாலத்தைத் தாண்டி என்ன நடக்கும் என்பது தெரியாமலே போய்விடும். அதைத் தெரிந்துகொள்ள இப்போது அவளுக்கும் ஆசை வந்திருந்தது. அந்த ஆசையால் முடிவு சாய்கிறதோ என்று அதிலும் ஒரு சந்தேகம். கடைசியில் இப்படி எழுதினாள்: 'ஹால் மெஷினை வார நாட்களில் 2.30 முதல் 4.00 வரை ஒருவர் தவறாமல் பயன்படுத்துகிறார். அவருடைய ஆட்டம், இரண்டு மெஷின்களிலும் நடக்கும் மற்ற எல்லா ஆட்டங்களையும்விடக் கனமானது. போட்டிக்கு அனிருத்தின் தேவையும் உண்மையானது.' சிபாரிசு என்ற தலைப்பின் கீழ் ஒன்றும் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. அப்படியே கோப்பில் கட்டி வைத்தாள்.

புதன் இரவு அப்பா அதைப் படித்தார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நோட்டைப் படித்தார். ஓரத்தில் 'நேரில் பார்க்க வேண்டும்' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஜ்யோத்ஸ்னா வீடு திரும்பியபோது வாசலில் அப்பாவின் ஆபீஸ் ஷூ கிடந்தது. அரை நாள் லீவு. சாப்பாட்டு மேஜையின் நாற்காலிகள் ஹாலுக்கு வந்திருந்தன. அம்மா நடுவில், அப்பா மடியில் கோப்போடு பக்கத்தில், அனிருத் பின்னால், கையில் அந்த அட்டைப்பெட்டி.

"அக்கரையில ஒரு வீடுகூட இல்லையே, பின்ன யாருக்குப் பாலம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா.

"அதைத்தானேன்னா பாக்கணும்."

"எனக்குக் கண்ணு போயிடும்னியேம்மா!" என்றான் அனிருத்.

"உனக்குப் போயிடும்னேன். எனக்குத்தான் ஏற்கெனவே கண்ணாடி போட்டாச்சே."

அப்பா சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே சுந்தரவல்லி" என்றார், படிவத்தைத் தொட்டு. குரலில் கோபத்தைவிட ஏதோ அதிசயம்தான் தெரிந்தது. அம்மா திரையைக் காட்டி, "இருங்கோ, கிளம்பிடுத்து" என்றாள்.

சின்னப் பூச்சி மாதிரி ஒரு ரயில் பாலத்தின் மேல் ஏறியது. கொஞ்சம் நகர்ந்து, நின்றது. மௌஸின் அம்பு மணற்கடிகாரமாக மாறியது. கேபினெட்டுக்குள் விசிறி இரைந்தது.

"ஓடறதா, நின்னுடுத்தா?" அப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

அனிருத் ப்ராசசர் பெட்டியை அம்மாவின் மௌஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து கேபினெட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையைப் பதித்தான். "கொதிக்கறதும்மா" என்றான், கையை எடுக்கவில்லை. ஆறு மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்பது ஜ்யோத்ஸ்னாவுக்குத் தெரிந்தது. தோளில் பையோடு அப்படியே நின்று, பைக்குள் கைவிட்டு ஸ்டாப்வாட்சைத் தேடி எடுத்து அழுத்தினாள். ரயில் பாலத்தின் பாதியில் இருந்தது. அதற்கு முன்னால் ஆளில்லாத பச்சை.