தையலம்மாவின் தட்டுகள்

தையலம்மா மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தின் நான்காம் மாடியில் இருந்த கண்ணாடித் தட்டுகள் அத்தனையும் அவசர அவசரமாகத் துடித்தன. அவள் தன் தையற்கடையில் உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுக்கும்போது அவை நிதானத்துக்கு வந்தன. வாடிக்கையாளர் யாராவது தைத்த சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து தோள்பட்டை பிடிக்கிறது என்று சொல்லிவிட்டால், மூடிகள் அதிரும் அளவுக்குத் துள்ளின. இத்தனைக்கும் கடைக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் நடுவில் மூன்று தெருக்களும் ஒரு பஸ் டிப்போவும் இருந்தன. இரண்டு வருடங்களுக்கு முன்பு மேல்கையில் இருந்த ஒரு கொழுப்புக்கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஆராய்ச்சிக்காகத் துளி தோல் எடுத்துக்கொள்ளலாமா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். உளுந்தளவுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் அதை மறந்தும்போனாள். அந்தத் தோலின் செல்களைத்தான் தட்டு டாக்டர் வாங்கிப்போனார். வீட்டில் மனைவியோடு பேசுவதைவிடத் தட்டுகளோடு அதிகம் பேசுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். என்னவாக வளர்வது என்று இன்னும் முடிவு செய்யாத நிலைக்கு அந்தச் செல்களைத் திருப்பிக் கொண்டுபோனார். அந்த நிலையில் இருப்பதற்குத்தான் ஸ்டெம் செல் என்று பெயர். பிறகு அங்கிருந்து அவற்றுக்கு இதயத் தசையாகும் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். இதயத் தசை தட்டில் தானாகத் துடிப்பது எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் நடப்பதுதான். தையலம்மாவோடு சேர்ந்து துடித்ததுதான் இங்கே கொஞ்சம் கூடுதல்.

அது தெரியவந்தது லிஃப்ட் ரிப்பேரான நாளில். வெள்ளைக் கோட்டுகளுக்கு அளவெடுக்க வந்த தையலம்மா நான்கு மாடியும் ஏறி மூச்சிரைக்க நின்றாள், தட்டுகளும் இரைத்தன. அவள் தண்ணீர் குடித்து ஆசுவாசமானாள், அவையும் ஆசுவாசமாயின. கை நீளம் சரியில்லை, காலர் சரியில்லை என்று சாக்குச் சொல்லித் தட்டு டாக்டர் அவளை மேலும் இரண்டு முறை வரவழைத்து உறுதிப்படுத்திக்கொண்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள் என்றாள் உதவியாளர். மேலிடத்தில் சொன்னபோது, அது இருக்கட்டும், லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டார்கள்.

தையலம்மாவிடம் மட்டும் அவர் சொல்லவில்லை. காரணம், விதி. தோல் கொடுத்தவரின் பெயரை அழித்துவிட்டு எண் போட வேண்டும், போட்டபிறகு கொடுத்தவர் நினைத்தாலும் அதைத் திரும்பக் கேட்க முடியாது, எது யாருடையது என்றுதான் யாருக்கும் தெரியாதே. கொடுத்தவரின் அந்தரங்கம் காப்பாற்றப்பட வேண்டும் என்று நல்ல மனதோடு எழுதிய விதிதான் அது. ஆனால் அழித்த பெயரை இந்தத் தட்டுகள் நிமிடத்துக்கு எழுபது முறை சொல்லிக்கொண்டிருந்தன. விஷயம் தெரிந்து அவள் கூடாது என்று சொல்லிவிட்டால் தன் உழைப்பெல்லாம் போய்விடும் என்று டாக்டர் பயந்தார். கோட்டுகளை வாட்ச்மேன் வந்து வாங்கிக்கொள்வார், நீங்கள் சிரமப்பட்டுப் படியேற வேண்டாம் என்று அவளுக்கு அக்கறையாகச் சொல்லியனுப்பினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவசரக்காரர், அவ்வளவுதான். ஆனால் அவசரக்காரர்களால் நடக்கும் அநியாயம் கெட்டவர்களால் நடப்பதற்குக் குறைந்ததில்லை.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளை மேற்பார்வை பார்க்கும் அரசுத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி அவ்வப்போது சோதனைக்கு வருவார். எதைக் கேட்டாலும் விதி எண்ணோடு பதில் சொல்வதால் விதி மேடம் என்று அழைக்கப்பட்டவர். ஒரு மதியம் அவர் தட்டுகளின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருங்க ஓடுறது?" என்று கேட்டார். அவ்வளவு நேரடியாக யாரும் கேட்டதில்லை என்பதால் டாக்டருக்குப் பொய் சொல்ல வரவில்லை. தையலம்மா அந்த நேரத்தில் மழைக்குப் பயந்து துணிமூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தாள். அன்று மாலையே மேடம் கடைக்குப் போய் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டார்.

தையலம்மாவுக்கு வந்த கோபத்தில் இரண்டு தட்டுகள் உடைந்தன. மறுநாள் அவள் நான்கு மாடியும் ஏறிப்போய் டாக்டரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். தூக்கி எறியச் சொல்லவில்லை, அவற்றை வைத்து எதைச் செய்தாலும் முதலில் தன்னைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்றார் டாக்டர்.

"நான் ஒவ்வொரு பட்டனுக்கும் கேட்டுத்தான் வைக்கறேன். துணி உங்களுது, கேக்கறேன். சதை என்னுது, நீங்க கேக்க மாட்டீங்களா?"

விதி மேடம் இதைத் துறையின் குழுவுக்குக் கொண்டுபோனார். ஒரு தையற்காரிக்காக விதியை மாற்றுவதா என்று குழு இழுத்தது, மேடமும் விடாக்கண்டராக இருந்தார். ஒரு வருடம் கழித்துப் புது விதி வந்தது: கொடுத்தவரைத் தட்டுக்குத் தெரிந்திருந்தால், கொடுத்தவருக்கும் தட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கடை வாசலில் நின்று, இந்த வாரம் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிச் சம்மதம் கேட்டார். சில நாள் அவள் சரி என்றாள். சில நாள், இன்றைக்கு மனசு சரியில்லை, வேண்டாம் என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்.

அதற்கடுத்த வருடம் அவர் பெரிய சம்மதம் ஒன்றைக் கேட்டு வந்தார். மாரடைப்பு வந்து இதயத்தில் உள்ளங்கையளவு இடம் செத்துப்போன ஒரு நோயாளி இருந்தான். செத்த இடத்தின்மேல் தட்டில் வளர்த்த தசையை ஒட்டுப்போட்டுத் தைத்தால் பிழைக்கலாம். மனித உடம்பில் முதல் முறை. தையலம்மா யோசிக்கட்டுமா என்றாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் விதி மேடமே அனுமதி மறுத்துவிட்டார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த அம்மா இறந்துபோனால் அந்த ஆளின் நெஞ்சில் தைத்தது என்ன ஆகும்? சோதித்துப் பார்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதற்கு யாரும் தையலம்மாவிடம் சம்மதம் கேட்கத் துணியவில்லை.

அந்த நோயாளி ஒரு டவுன் பஸ் டிரைவர். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியக்கூடாது என்று ஒரு விதி இருந்ததால், ஒட்டு யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. அவன் மனைவி காத்திருந்து சலித்து, அனுமதி கினுமதி எதுவும் இல்லாமல் ஸ்டெம் செல் ஊசி போட்டு எல்லாம் குணமாக்குவதாக போர்டு மாட்டியிருந்த ஒரு கிளினிக்குக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முழங்கால் வலிக்காகப் போட்ட ஊசியில் முழங்காலிலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைத்திருந்தது. பல் டாக்டரிடம் போவதா, எலும்பு டாக்டரிடம் போவதா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். டிரைவரின் மனைவி எழுந்து வெளியே வந்து நேராக விதி மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் அன்றே போய்க் கிளினிக்கைப் பூட்டி சீல் வைத்தார். வாசலில் நின்ற அவளிடம், "நான் வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம் இதுதாம்மா. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உங்க வீட்டுக்காரர் நெஞ்சைத் திறக்க விடமாட்டேன்," என்றார். அப்ப அவர் செத்தா பரவாயில்லையா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மேடத்திடம் விதி எண் இல்லை.

டிரைவர் இளைத்துக்கொண்டே வந்தான். டிப்போவுக்குப் பக்கத்துக் கடை என்பதால் யூனிஃபார்ம் பேண்டை இடுப்புப் பிடிக்கத் தையலம்மாவிடம்தான் கொடுத்தான். முதல் முறை பிடித்தாள். இரண்டாம் முறையும் பிடித்தாள். மூன்றாம் முறை பேண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இதுக்கு மேல பிடிச்சா ரெண்டு பின் பாக்கெட்டும் ஒண்ணா சேந்துரும் தம்பி. உடம்புக்கு என்ன?"

"நெஞ்சுல ஒட்டுப் போடணுமாம்மா. தசை ரெடியாம். பர்மிஷன் வரல."

"யார் தசை?"

"யாரோ ஒருத்தங்க. சொல்ல மாட்டேங்கறாங்க. அவங்களும் இன்னும் சரின்னு சொல்லலையாம். கட்டாயப்படுத்த முடியுமா, அவங்க உடம்பாச்சே." சொல்லிவிட்டு, நாளைக்கு டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் டியூட்டி இருக்கிறது, பெல்ட் போட்டுச் சமாளிக்கிறேன் என்று பேண்டை வாங்கிக்கொண்டு போனான்.

நான்காம் மாடியில் தட்டுகள் ஒரு நொடி நின்றுவிட்டுத் துடித்ததாக உதவியாளர் சொன்னாள். தையலம்மா ஷட்டரை இறக்கிவிட்டு விதி மேடத்தின் அலுவலகத்துக்குப் போனாள். நான் செத்தால் என்ன ஆகும் என்பதுதானே உங்கள் கேள்வி, நான் சாகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மேடம் சிரிக்கவில்லை. அப்படியெல்லாம் எழுதி வாங்க விதியில் இடமில்லை என்றார். இடமில்லையென்றால் உண்டாக்குங்கள், போன தடவை உண்டாக்கினீர்களே என்றாள் தையலம்மா. மேடம் மூன்று மாதம் குழுவோடு மல்லுக்கட்டினார். தெரியாது என்பதைத் தெரியாது என்றே இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து சம்மதிக்க வேண்டும், கத்தி படும்வரை யார் வேண்டுமானாலும் வேண்டாம் என்று எழுந்து போகலாம் என்ற நிபந்தனைகளோடு அனுமதி வாங்கினார். சம்மதம் கேட்கும் அறைக்குள் டிரைவர் நுழைந்ததும் தையலம்மாவைப் பார்த்து, பேண்டுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டான். விஷயம் புரிந்ததும் வாய்விட்டு அழுதான். நீங்கள் செத்தால் நானும் சாக வேண்டியிருக்கும், சம்மதம் என்றான். அப்படியென்றால் நான் ஒழுங்காக இருந்து தொலைக்கவேண்டும், எனக்கும் சம்மதம் என்றாள் அவள்.

ஒட்டு பிடித்தது. டிரைவர் ஐந்து மாதத்தில் மறுபடியும் பஸ் ஓட்டினான். தையலம்மா காலையில் நடக்க ஆரம்பித்தாள், காப்பியில் சர்க்கரையை விட்டாள், தெருவே கூடி வேடிக்கை பார்த்த தன் சண்டைகளையும் விட்டாள். தோள்பட்டை பிடிக்கிறது என்று யாராவது வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு, "குடுங்க, பிரிச்சுத் தைக்கறேன்," என்பாள். ஒருத்தன் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது அவன் நெஞ்சைப் படபடக்க வைக்க அவளுக்கு மனமில்லை. இப்படி ஆறு வருடம் ஓடியது.

ஆனாலும் சாவு யார் சம்மதத்தையும் கேட்பதில்லை. ஒரு புதன்கிழமை மெஷினில் உட்கார்ந்தபடியே தையலம்மா சரிந்துவிழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சற்று நேரத்தில் அவள் இதயம் நின்றது. டாக்டர்கள் அழுத்திப் பார்த்தார்கள், கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. அதே நேரம் ஊரின் மறுகோடியில் டிரைவரின் நெஞ்சில் உள்ளங்கையளவு இடம் சட்டென்று அமைதியானது. அவன் பஸ்ஸை ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக் போட்டான். மீதி இதயம் அவனுடையதுதான், அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அந்த அம்மா இழுத்த இழுப்புக்கு நான் போனேன், இன்றைக்கு என் இழுப்புக்கு அந்த அம்மா வரட்டும் என்று பஸ்ஸைச் சுற்றி ஓடத் தொடங்கினான். கண்டக்டர் இறங்கிப் பிடித்து இழுத்தார். "விடுண்ணே! அந்தம்மா போயிருவாங்க!" என்று உதறிக்கொண்டு ஓடினான். நெஞ்சு வலித்தது, கண் இருட்டியது, சுற்றுக்கு மேல் சுற்றாக ஓடினான். அமைதியான இடம் முதலில் லேசாக நடுங்கியது, அப்புறம் மீதியோடு சேர்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கையை எடுத்துவிட்ட பிறகு திரையில் கோடு எழுந்தது. படுத்திருக்கும் ஆளின் துடிப்பு மாதிரி இல்லை, நாலுகால் பாய்ச்சலில் இருந்தது. வெகுநேரம் கழித்துக் கண் விழித்த தையலம்மா, "யாரோ ஓடறாங்க. நிறுத்தச் சொல்லுங்க, மூச்சு வாங்குது," என்றாள். தட்டு டாக்டர் மூலம் கண்டக்டரின் போனுக்குத் தகவல் போனது. நம்பமாட்டேன், அந்த அம்மாவையே பேசச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே அவன் இன்னும் மூன்று சுற்று ஓடினான்.

டிப்போ அவனுக்கு அரைநாள் சம்பளத்தைப் பிடித்தது. விதி மேடம் அது சிகிச்சை நேரம் என்று கடிதம் எழுதி அதைத் திரும்ப வாங்கிக்கொடுத்ததோடு, விதிப்புத்தகத்தில் பெறுபவரின் கடமைகள் என்ற பகுதியில் ஓட்டத்தையும் சேர்த்தார். தையலம்மாவின் இதயம் முன்னைப்போல் இல்லை, எப்போதாவது களைத்துப்போகிறது. இப்போதும் அந்தத் தடத்தில் பஸ் திடீரென்று ஓரமாக நின்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பயணிகள் பைகளைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கி, டிரைவரோடு நாலு சுற்று ஓடி, அவன் போதும் என்றதும் ஏறி உட்காருகிறார்கள்.