மரச்சாமான் கடையின் எண்

விடியும் முன்பே, இணையதளம் செய்துகொடுக்கும் அந்த அறையில் ஆறு கணினிகள் சூடேறிவிட்டன. இருப்பது ஒரே மின்விசிறி. அதுவும் முதலாளியின் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பியே சுற்றும். ஐந்தாவது நாற்காலியில் இருந்தவளுக்குக் கட்டைவிரலின் அடியில் விண்விண்ணென்று தெறித்தது. ஆயத்த வடிவமைப்பு ஒன்றை எடு, நிறத்தை மாற்று, படக் கட்டத்தை மேலே இழு, எழுத்துக் கட்டத்தைக் கீழே தள்ளு. முன்பு ஒருவருக்கு நாளுக்கு நான்கு இணையதளம். போன மாதம் சரிபார்ப்பவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு பன்னிரண்டு. மனுஷர் செய்கிற வேலையா இது?

ஆறரை மணிக்கு மரச்சாமான் கடை ஒன்றின் தளம். நேரமில்லை. பிரசவ மருத்துவமனையின் தளத்திலிருந்து அடிப்பகுதிக் கட்டத்தை அப்படியே எடுத்து ஒட்டி, கடையின் தொலைபேசி எண்ணை அடித்தாள். எண்ணை மாற்றுமுன் ‘பிரி’ என்ற பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தாவிட்டால் இரண்டு இடத்திலும் அதே கட்டம்தான், இங்கே மாற்றினால் அங்கேயும் மாறும். மறந்துபோனாள்.

எட்டரைக்குக் கடைக்காரர் கூப்பிட்டார். “என்னங்க, விடிஞ்சதிலிருந்து யாரோ ஒருத்தர் அழுதுக்கிட்டே ஆம்புலன்ஸ் கேக்கறாரு. மூணு வாட்டி பேசிட்டாரு!”

மருத்துவமனைத் தளத்திலும் கடையின் எண்தான் நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. எண்ணைத் திருத்திவிட்டு மருத்துவமனைக்குப் பேசினாள். அழுதவரின் மனைவியை, பிரசவ வலியோடு, ஏதோ வண்டி பிடித்துத் தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். குழந்தை பிழைத்தது. தாய் இன்னும் கண் திறக்கவில்லை.

விஷயம் முதலாளி காதுக்கும் எட்டிவிட்டது. கையில் ஒரு தாளோடு வெளியே வந்தார். ஆறு பேருக்கும் அவர் கொடுத்திருந்தது ஒரே கடவுச்சொல், அதனால் யார் கை என்று கணினி சொல்லவில்லை.

“யாரு செஞ்சது?”

“நான்தான் சார்,” என்று எழுந்தாள்.

“நல்லது. உன் கவனக்குறைவு, நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லைன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு. மத்தவங்க சாட்சி போடுங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். அந்தத் தாயின் முகம் தெரியாததே அவளை வதைத்தது. கையெழுத்துப் போட்டால் வேலை போகும், வழக்கு வந்தால் அவள் தலையில்தான் விடியும்.

முதல் நாற்காலி மீசைக்காரர் எழுந்தார். அவளோடு அதிகம் பேசாதவர். “இருங்க சார். தப்பு அவளோடதுதான், எழுதிக்குங்க. சரிபாக்கற ஆளை அனுப்பினது யாரு, அதையும் எழுதுங்க.”

“உங்களைக் கேட்டேனா?”

“சாட்சி கேட்டீங்களே! நேத்து நானும் பிரிக்க மறந்தேன். என் அதிர்ஷ்டம், அது பூக்கடை.”

“போன வாரம் நான்,” என்றாள் அடுத்தவள்.

முதலாளி சிரித்தார். “ஆறு பேரும் போங்க. வாசல்ல வேலை கேட்டு அறுபது பேர் நிக்கறாங்க.”

“வரட்டும். இந்தத் தாளை அவங்களுக்கும் படிச்சுக் காட்டறோம்,” என்றார் மீசைக்காரர்.

முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் யாரிடமோ தொலைபேசியில் பேசுவது தெரிந்தது. போலீசோ, வக்கீலோ.

மீசைக்காரர் தாளைத் திருப்பிப் போட்டார். வெற்றுப் பக்கம். “சரிபாக்கற ஆள் திரும்ப வரணும். ஒருத்தருக்கு நாலு தளத்துக்கு மேல முடியாது. சொல்லும்மா, முதல்ல என்ன எழுதலாம்?”

அவளுக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்ணே. நடந்ததை அந்தம்மா வீட்டு ஆளுங்ககிட்ட நாமே சொல்லணும்.”

ஆறு நாற்காலிகளும் பின்னுக்கு நகர்ந்தன.