ஒரேயடிக் கொத்தனார்

கொத்தனாருக்குத் தொழிலில் ‘ஒரேயடி’ என்று பட்டப்பெயர். எந்தச் சுவரும் ஓர் அடியில் விழும் என்பது அவரே பரப்பிவிட்ட புரளி. அன்றைக்கும் பெயரைக் காப்பாற்றச் சம்மட்டியை முழுவீச்சில் போட்டார். சுவர் விழுந்தது. அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்த ஆளும் விழுந்தார்.

உடைக்கும் முன் மூன்று முறை தட்டிக் குரல் கொடுப்பது அவர் வழக்கம். இன்று தட்டவில்லை. பின்பக்கம் வாடகைக்கு இருந்த டிரைவர் காலி செய்து ஒரு வாரமாகிறது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ம், இப்ப இடி” என்று சொல்லிவிட்டு வாசலுக்கும் போய்விட்டார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கத்தான் செய்தது. ஒழுகுகிற குழாய் என்று கொத்தனார் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஓட்டை வழியே டிரைவர் வந்தார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் சோப்பு நுரை. நெற்றியில் வழிந்த ரத்தம் நுரையைச் சிவப்பாக்கியிருந்தது. கையில் பாதிச் செங்கல்.

“எவன்டா அவன்?”

“அண்ணே, நான் வெறும் கொத்தனாருண்ணே...”

செங்கல் தோளில் இறங்கியது. கொத்தனார் சிமெண்டு மூட்டைமேல் மல்லாந்தார். அடுத்து விலாவில் ஓர் உதை.

“கரண்ட புடுங்கினீங்க. வாசக்கதவக் கழட்டினீங்க. இப்ப ஆளையே சாய்க்கிறீங்களா?”

“காலி பண்ணிட்டீங்கன்னு சொன்னாருண்ணே!”

“எம்பொண்டாட்டி உள்ள சோறு வடிச்சிட்டிருக்கா. இதாடா காலி?”

கொத்தனாருக்கு விலா வலி மறந்துபோனது. சுவர் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் இந்த ஆள் பிணம். கொன்றது யார்?

கடப்பாரையோடு வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

“அய்யா, உள்ள ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“வீடு என்னுதுய்யா” என்றபடி அவர் டிரைவரின் முழங்காலைக் குறிவைத்து வீசினார். கால் தப்பியது, பக்கத்திலிருந்த பீங்கான் தொட்டி தூள்தூளானது. டிரைவர் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் இரண்டு முறை மோதினார். வீட்டுக்காரர் அந்தக் கையைச் சதை பிய்யக் கடித்தார். நுரையில் வழுக்கி டிரைவர் கீழே விழ, அடிபட்ட தலைக்கு நேராகக் கடப்பாரை உயர்ந்தது.

“தெரியுமா, தெரியாதா?” என்று கத்திக்கொண்டே கொத்தனார் குறுக்கே கையை நீட்டினார்.

இரண்டு விரல்கள் சுள்ளியாய் முறிந்தன. ஒரே அடி. என்ன, விரல்தான் அவருடையது.

மிச்சமிருந்த கையால் கொத்தனார் வீட்டுக்காரரின் வாயில் ஒரு குத்து விட்டார். பல் ஒன்று தெறித்துச் சிமெண்டுச் சட்டியில் விழுந்தது. சரிந்தவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, அழுகிற குரலில் மூன்றாம் முறை கேட்டார்:

“சொல்லுங்கய்யா. தெரியுமா?”

வீட்டுக்காரர் ரத்தத்தைத் துப்பினார்.

“தெரியும்டா. அவன் குளிக்கிற நேரம் பாத்துத்தான் இடிக்கச் சொன்னேன்.”