தட்டில் விழுந்த குண்டுகள்

“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதும் கடிகாரக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

தெருவே அவரைக் கடிகாரக்காரர் என்றுதான் சொல்லும். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டுப் பின்னறையைக் கடிகாரங்களால் ரொப்பிவிட்டார். எல்லாம் அவர் கையால் செய்தவை, எல்லாம் கிறுக்குப் பிடித்தவை. ஒன்று பின்னோக்கி ஓடும். ஒன்றுக்கு நாளுக்குப் பத்தே மணிதான். மின்விசிறி இறக்கையில் செய்த ஒன்று வெயில் ஏறினால் தலைதெறிக்க ஓடும். மணி பார்க்க மட்டும் யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. செல்போனுக்கும் உள்ளே இடமில்லை.

“மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஊசி போட்டுக் கரைக்கலாம். தாண்டியிருந்தா அதே ஊசி ஆளைக் கொன்னுடும். குத்துமதிப்பா சொல்லாதீங்க” என்றார் டாக்டரம்மா.

“நான் மத்தியானம் வந்தப்ப அம்மா அடுப்படியில கிடந்தாங்க” என்றாள் மகள். “அப்பாதான் வீட்ல இருந்தாரு.”

“அதுக்குக் கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டா” என்றார் அவர். “குரல் குழறிச்சு. வாயில எதையோ மென்னுக்கிட்டே பேசறான்னு நினைச்சேன். ஒரு அரை மணி முன்னாடி இருக்கும்.”

“மத்தியானச் சமையலுக்கு அடுப்பே பத்த வைக்கலையேப்பா! அரை மணிங்கறீங்க!”

அரை மணி இல்லையென்றால் எவ்வளவு? ஒன்றா, ஐந்தா? ஓய்வுக் காலம் முழுக்கக் கடிகார முள்ளோடு குப்பை கொட்டிய மனிதருக்குத் தன் மனைவி விழுந்த நேரம் தெரியவில்லை. அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் புதுக் கடிகாரம் நினைவுக்கு வந்தது. முள்ளே கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு இரும்புக் குண்டு தட்டில் விழும். இன்றுதான் வெறும் தட்டோடு ஓட்டிப் பார்த்தார். முதல் குண்டு விழவும் மனைவி கூப்பிடவும் சரியாக இருந்தது. மகளின் போனைப் பிடுங்கி, வீட்டுச் சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவை அழைத்தார்.

“பின்னறைக்குப் போம்மா. தட்டுல எத்தனை குண்டு இருக்குன்னு எண்ணு. எதையும் தொட்டுடாத.”

“இங்க எது தட்டு, எது கடிகாரம்னே புரியலையேண்ணே!”

“ஜன்னலோரம், சைக்கிள் சக்கரத்துக்குக் கீழே.”

அவள் எண்ணத் தொடங்கினாள். ஐம்பத்தைந்தைத் தொட்டால் ஊசி கிடையாது. முப்பது வந்தது, நாற்பது வந்தது. டாக்டரம்மா நகராமல் நின்றார். மகள் அப்பாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு… ஐயோ, இன்னொண்ணு விழுந்துடுச்சுண்ணே!”

“அதையும் சேத்துக்கோ. வேற இருக்கா? நல்லாப் பாரு!”

“இல்லண்ணே. நாப்பத்தேழுதான்.”

“நாலு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் கம்மி” என்றார் அவர். “இதுல பிசகில்ல டாக்டர். நானே செஞ்சது.”

டாக்டரம்மா உள்ளே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, ஊசி போட்டாயிற்று, இனி காத்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லிப் போனாள். கடிகாரக்காரர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

மகள் உட்காரவில்லை.

“நான் வந்து ஒரு மணி நேரம்தான்பா ஆச்சு” என்றாள். “அதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் அம்மா தரையில கிடந்திருக்காங்க.”

அவர் பிடுங்கிய போனை அவளிடம் நீட்டினார்.

“ஒரு தடவைதான் கூப்பிட்டாங்களா?”

“தெரியலம்மா” என்றார். “எனக்குக் குண்டு விழற சத்தம்தான் கேட்டுச்சு.”