துடைத்துத் துடைத்துப் படித்த ஆங்கிலம்

குளியலறைத் தரையில் மண்டியிட்டு அவள் வாந்தியை வழித்துக்கொண்டிருந்தாள். அறை எடுத்துத் தங்கியிருப்பவன் ராத்திரி மூக்குமுட்டக் குடித்திருக்கிறான். தொட்டி, தரை, துண்டு எதையும் விட்டுவைக்கவில்லை. வாயால் மூச்சு விட்டபடியே முணுமுணுத்தாள்: "இம்மாக்குலேட்... எக்ஸ்க்விசிட்..."

ஓட்டல் மேலாளரின் புது உத்தரவு அது. துப்புரவுப் பெண்களும் விருந்தாளிகளிடம் உயர்ந்த ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமாம். வார்த்தை வராதவர்கள் கீழ்த்தளச் சலவைக்குப் போக வேண்டும். அங்கே நாள் முழுக்க ப்ளீச்சிங் நெடி. இளைப்புக்காரியான அவளை அது சீக்கிரமே சாய்த்துவிடும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்ன செய்வாள்? வேலைக்கொரு வார்த்தையாக முடிந்து வைத்துக்கொண்டாள். கண்ணாடி துடைத்தால் துளி அழுக்கில்லை என்கிற 'இம்மாக்குலேட்', குழாய் தேய்த்தால் அதியழகு என்கிற 'எக்ஸ்க்விசிட்'. கை அசைந்தால்தான் வாயில் வார்த்தை வரும்.

"பெத்த புள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித்தர நேரமில்ல, நமக்குப் பாடமாம் பாடம்!" என்றாள் பக்கத்து அறையைப் பெருக்கும் அக்கா.

"இருக்கட்டும்க்கா. எனக்கு மூச்சு வேணுமே."

அப்போது அறைக்காரன் கதவருகே வந்து நின்றான். கூடவே மேலாளர், பல்லெல்லாம் தெரிய.

"சாருக்கு நீ கத்துக்கிட்டதச் சொல்லிக் காட்டும்மா."

வாளியோடு எழுந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. சலவை நெடி நினைவுக்கு வந்ததும் கை தானாக உயர்ந்து இல்லாத கண்ணாடியைத் துடைத்தது. "இம்மாக்குலேட், சார்." இல்லாத குழாயைத் தேய்த்தது. "எக்ஸ்க்விசிட், சார்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். செல்போனை அவளுக்கு நேரே நீட்டி, "மறுபடி, மறுபடி" என்றான். அவன் கக்கியது அவள் கை வாளியில் தளும்பியது. மேலாளரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு மூஞ்சியிலும் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. மறுபடி சொன்னாள்.

அவன் போனதும் மேலாளர் சொன்னார்: "பாஸ் ஆயிட்டம்மா. சலவைக்குப் போக வேணாம்."

"ரொம்ப நன்றிங்க சார்."

"மத்தியானம் சாரோட கூட்டாளிங்க சாப்பிட வராங்க. அங்க வந்து இதே மாதிரி செஞ்சு காட்டு. வாளியையும் எடுத்துட்டு வா. அது கையில இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே அவள் நின்றாள். ஒரு கையில் தேய்த்துக் கழுவிய காலி வாளி. மேசையைச் சுற்றிச் செல்போன்கள் உயர்ந்தன. இன்னொரு கை காற்றைத் துடைக்கத் தொடங்கியது.